ஐந்து விரல், பிறகு மூன்று

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பதினாலு மாதம் ஆகிறது. இன்னும் என்னால் ஓரிடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. இடுப்பெலும்பு உடைந்தால் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்கிறார் டாக்டர். உடைவதற்கு முன்னாலும் நீ அப்படித்தான் இருந்தாய் என்கிறார் என் வீட்டுக்காரர் முருகேசன். இதைக்கூட எழுந்து எழுந்து நடந்துதான் எழுதுகிறேன். வயிற்றில் பிள்ளையோடு அடிபட்டுக் கிடந்தவள் என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர்களும் லாரி டிரைவர்களும் ஆளுக்கொரு விதமாகக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் எடுத்து நீட்டிவிடலாம்.

லாரி டிரைவர்கள் கேட்பது ஏனென்றால், கம்பத்திலிருந்து கூடலூர் போகிற சாலையில் ஓர் எடை மேடையில் நான் வேலை பார்க்கிறேன். கேரளாவுக்குப் போகும் வாழைத்தார், தேங்காய், மாட்டுத் தீவனம் எல்லாம் மேடையில் ஏறி நிற்கும். திரையில் எண் ஆடி ஆடி அடங்கும். அடங்கிய எண்ணைச் சீட்டில் அச்சடித்துக் கொடுப்பேன். கொஞ்சம் முன்னப்பின்னப் போட்டுக் கொடு அக்கா என்று கெஞ்சாத டிரைவர் இல்லை. பதினோரு வருஷத்தில் ஓர் எண்ணைக்கூட நான் மாற்றியதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் நான் பட்ட பாட்டில் பாதி, வேறொருவர் ஓர் எண்ணை மாற்றிச் சொன்னதால் வந்தது.

அந்த வேறொருவர் என் மாமியார். எங்கள் வழக்கப்படி அவரை அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். என் அப்பாவின் கூடப் பிறந்தவர் என்பதால் நிஜமாகவும் அத்தைதான். எனக்கு அம்மா இல்லை. அதனால் வளைகாப்பு முடிந்தும் நான் எங்கும் போகவில்லை, சுருளிப்பட்டியில் அத்தை வீட்டிலேயே இருந்துவிட்டேன். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அத்தை என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்.

அவருக்கு எண்களோடு ஒரு வம்பு உண்டு. தோட்டத்தில் திராட்சைப் பெட்டி எண்ணும்போது 'ஒன்று' என்று தொடங்க மாட்டார், 'லாபம்' என்பார். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். அது எங்கள் பக்கத்தில் பலரும் சொல்வதுதான். ஆனால் எனக்கு எட்டாம் மாதம் பிறந்ததும் அத்தை புதிதாக ஒன்று செய்தார். யார் கேட்டாலும் "ஏழு முடிஞ்சிருச்சு" என்பார். எட்டு என்ற சொல்லே அவர் வாயில் வராது. அடுத்து ஒன்பதுதான் என்பது போலப் பேசுவார். ஏழாம் மாதத்தில் பிறந்தது பிழைக்கும், எட்டில் பிறந்தது தங்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் என் பிள்ளை எங்கே குடியிருக்கும் என்று கேலிகூடச் செய்தேன். அத்தை சிரிக்கவில்லை.

அன்று சனிக்கிழமை. அத்தையும் நானும் கம்பத்தில் ஸ்கேன் எடுத்து, முப்பத்து நாலு வாரம், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதி வாங்கினோம். அந்தத் தாள், என் பரிசோதனை அட்டை, போன் எல்லாம் ஒரே பையில். ஷேர் ஆட்டோவில் ஊருக்குத் திரும்பினோம். பதினோரு மணி இருக்கும். ஒரு வளைவில் எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கப் போய், ஆட்டோ வாய்க்கால் கரையில் சரிந்து உருண்டது. அத்தை இன்னொரு அம்மாள் மேல் விழுந்து முழங்கால் சிராய்ப்போடு தப்பித்தார். நான் வெளியே விழுந்தேன், ஆட்டோவின் கம்பி என் இடுப்பு மேல் விழுந்தது. என் பை வாய்க்கால் தண்ணீரோடு போய்விட்டது. அது மிதந்து போவதை நான் படுத்தபடி பார்த்தேன். கத்த வாயைத் திறந்தால் தாடை என் பேச்சைக் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கழுத்தில் பட்டை மாட்டி, பலகையில் கட்டினார்கள். பிறகு பலகையின் வலப்பக்கத்துக்குக் கீழே ஒரு போர்வையைச் சுருட்டிச் செருகி, என்னை இடப்பக்கமாகச் சாய்த்தார்கள். அது எதற்கென்று பிறகு தெரிந்தது. மாதம் ஏறிய வயிறோடு மல்லாக்கப் படுத்தால் கர்ப்பப்பை முதுகுப் பக்கம் ஓடும் பெரிய ரத்தக் குழாயை அழுத்திவிடும். தாய்க்கும் ரத்தம் குறையும், பிள்ளைக்கும் குறையும். அடிபட்ட கர்ப்பிணியை யாராவது தூக்க நேர்ந்தால் இந்த ஒன்றையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஊர்களை நான் கண்ணால் பார்க்கவில்லை, வேகத்தடையால் எண்ணினேன்.

தேனி பெரிய ஆஸ்பத்திரியில் என்னைச் சுற்றி ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர். ஒருவர் வளையல்களைச் சோப்புப் போட்டுக் கழற்றினார், ஒருவர் ரத்தம் எடுத்தார், ஒருவர் இடுப்பைத் துணியால் இறுக்கிக் கட்டினார். எல்லோரும் முதலில் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்குக் கோபமாக வந்தது. வயிற்றைப் பாருங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. தாய் நின்றால்தான் பிள்ளை நிற்கும், அதனால் தாயைத்தான் முதலில் பார்ப்போம் என்று ஒரு டாக்டர் முருகேசனிடம் பிறகு சொன்னாராம். எக்ஸ்ரே எடுத்தார்கள். பிள்ளைக்கு ஆகாதே என்று நான் துடித்தேன். உடைந்த எலும்பைத் தெரியாமல் விடுவதுதான் பிள்ளைக்கு ஆகாது, ரெண்டு படத்தால் ஒன்றும் ஆகாது என்றார்கள்.

இடுப்பெலும்பு முன்பக்கத்தில் ரெண்டு இடத்தில் உடைந்திருந்தது. தாடையில் ஒரு முறிவு. நாக்கைக் கடித்துத் தையல். வலது முன்கை உடைந்து விரல் நுனிவரை மாவுக்கட்டு, இடது கையால் எனக்கு எழுத வராது. கழுத்தில் பட்டை இருந்ததால் தலையை ஆட்ட முடியாது. இந்தக் கோலத்தில் கிடக்கும்போதுதான் பிரசவப் பிரிவு டாக்டரம்மா வந்தார். நடுத்தர வயது, கன்னியாகுமரிப் பக்கத்துப் பேச்சு. எத்தனை மாதம் என்று கேட்டார்.

"ஏழு மாசம் தாயி" என்றார் அத்தை.

கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி எது என்று கேட்டார் டாக்டரம்மா. அதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும், வளைகாப்பு இப்போதுதான் போட்டோம், ஏழு மாதம்தான் என்று அத்தை அடித்துச் சொன்னார். நான் கண்ணை உருட்டினேன். தலையை ஆட்டப் பார்த்தேன். உளறினேன், ரத்தம்தான் வந்தது. வலியில் அனத்துகிறேன் என்று நினைத்து ஒருவர் என் நெற்றியைத் தடவிக் கொடுத்தார்.

டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்தார். பிள்ளையின் அளவு முப்பத்தொன்று, முப்பத்திரண்டு வாரம் காட்டுகிறது என்றார். பிள்ளை வளர்ந்த பிறகு ஸ்கேனில் வயதைக் கணக்கிட்டால் ரெண்டு மூன்று வாரம் முன்னே பின்னே இருக்குமாம். வீட்டார் ஏழு என்கிறார்கள், அப்படியானால் முப்பது வாரம் என்று வைத்துக்கொள்வோம் என்றார். என் பிள்ளை கொஞ்சம் சின்னப் பிள்ளை, அவ்வளவுதான். அதன் வயதில் ஒரு மாதத்தை என் கண்ணெதிரே கழித்து, தாளில் எழுதினார்கள்.

ஒரு மாதத்தில் என்ன என்று கேட்பீர்கள். எல்லாமே அதில்தான். கர்ப்பப்பையின் சுவரில் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் வழியாகத்தான் பிள்ளைக்கு மூச்சும் சோறும். அடிபடும்போது சுவர் வளைந்து கொடுக்கும், நஞ்சுக்கொடி வளையாது. ஓரத்தில் பிய்ந்துகொள்ளும். உடனே பிய்யலாம், ஒரு நாள் கழித்தும் பிய்யலாம். ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கலாம். எனக்கு ஓரத்தில் லேசாகப் பிய்ந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். முப்பது வாரப் பிள்ளை என்றால் நுரையீரல் முற்றியிருக்காது. அது முற்றுவதற்குத் தாய்க்கு ரெண்டு நாள் ஊசி போட்டு, முடிந்தவரை காத்திருப்பார்கள். முப்பத்து நாலு என்றால் காத்திருந்து லாபமில்லை, பிள்ளையை எடுத்துவிடுவதே மேல். எனக்கு அவர்கள் முதல் ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

வயிற்றில் ரெண்டு பட்டை கட்டி ஓர் இயந்திரத்தில் மாட்டினார்கள். பிள்ளையின் இதயத்துடிப்பு அதில் எண்ணாக வரும். நூற்று நாற்பத்திரண்டு, நூற்று முப்பத்தெட்டு, நூற்று நாற்பத்தாறு. பதினோரு வருஷம் எண் ஆடுவதைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் நான். மேடையில் எண் அடங்கினால்தான் நிம்மதி. இங்கே அடங்கவே கூடாது, ஆடிக்கொண்டே இருந்தால்தான் பிள்ளை நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் கண்ணை எடுக்கவில்லை. கழுத்துப் பட்டையோடு ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது.

போடியிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒரு சிஸ்டர் இருந்தார், சின்ன வயது, நல்ல கை. பேச முடியாதவளிடம் வலியைக் கேட்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். பத்துக்கு எவ்வளவு வலி என்று விரலில் காட்ட வேண்டும். எனக்கு இடது கை மட்டும்தான் என்பதால், ஐந்துக்கு மேல் என்றால் முதலில் ஐந்து விரலைக் காட்டிவிட்டுப் பிறகு மிச்சத்தைக் காட்டச் சொன்னார். ஐந்து, பிறகு ஒன்று என்றால் ஆறு. நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் ரத்த அழுத்தம் பார்க்க வந்தபோது சட்டென்று எனக்குப் புத்தியில் தட்டியது. கையை உயர்த்தினேன். ஐந்து விரல். பிறகு மூன்று.

"எட்டா அக்கா?" என்று பதறினார் சிஸ்டர்.

ஆமாம், எட்டு, கண்டுபிடித்துவிட்டாயே மகராசி என்று கண்ணாலேயே கும்பிட்டேன். அவர் ஓடிப்போய் டாக்டரைக் கேட்டு வந்து, குழாயில் வலி ஊசியைப் போட்டார். மறுபடி ஐந்தையும் மூன்றையும் காட்ட நான் கையைத் தூக்கினேன். அது பாதியிலேயே தூங்கிப்போயிற்று.

விழித்தபோது ஞாயிற்றுக்கிழமை விடிந்திருந்தது. முருகேசன் கட்டிலருகே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். வலி எட்டாம், பத்துக்கு எட்டாம் என்று சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் பூராவும் நான் சொன்ன எட்டு போய்ச் சேர்ந்திருந்தது, டாக்டரைத் தவிர. அத்தை வந்து, "ஏலே, அந்த எண்ணச் சொல்லாதலே" என்று அவரை அதட்டினார். முருகேசன் பாவம், என்னவென்று தெரியாமல் விழித்தார். மாதக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. அவருடைய நாட்காட்டி திராட்சைக் கொடிக் கவாத்துக்கும் மருந்தடிப்புக்கும்தான். காலையில் கம்பத்துக்குப் போய் வாய்க்கால் கரையெல்லாம் பையைத் தேடிவிட்டு வந்தார். ஸ்கேன் சென்டர் ஞாயிறென்று பூட்டியிருந்தது. வெறுங்கையோடு வரக் கூடாதென்று பன்னீர் திராட்சை வாங்கிப் பிழிந்து, வடிகட்டி, உறிஞ்சுகுழாயோடு கொண்டுவந்திருந்தார். ஒருவேளை ஆபரேஷன் ஆகலாம், வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று சிஸ்டர் அதைக் கொடுக்க விடவில்லை. அந்தப் பாட்டிலை அன்று முழுவதும் கையில் வைத்துக்கொண்டே அலைந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

பக்கத்துக் கட்டிலில் தேவதானப்பட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். ஆறு மாதக் கர்ப்பத்தில் கிணற்றடிப் படியில் வழுக்கி உட்கார்ந்திருக்கிறாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை, எழுந்து வேலை பார்த்திருக்கிறாள். மறுநாள்தான் அசைவு இல்லையே என்று தோன்றியிருக்கிறது. பிள்ளையின் துடிப்பு நின்றுவிட்டது. எனக்கு எலும்பு எலும்பாக உடைந்திருக்க, பிள்ளை ஆடிக்கொண்டிருந்தது. அடி பெரிதா சிறிதா என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, சின்ன அடி என்றாலும் வந்து காட்டிவிட வேண்டும் என்று டாக்டரம்மா அவளுடைய அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். என் இயந்திரத்தின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சிஸ்டரிடம் சைகை காட்டினேன். அது ஒன்றுதான் சரியாகப் புரிந்துகொள்ளப்பட்ட சைகை.

பார்வை நேரத்தில் அத்தை தனியாக வந்தார். உதட்டை ஈரத் துணியால் துடைத்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்து, என் வயிற்றின் மேல் வைத்தேன். பிறகு ஐந்து விரலைக் காட்டினேன். பிறகு மூன்று.

அத்தை என்னையே பார்த்தார். பிறகு என் மூன்று விரலையும் ஒவ்வொன்றாக மடக்கினார். மடக்கிய கையை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"தெரியும் ஆத்தா" என்றார். "பேசாம இரு."

எனக்கு அப்போது வந்த கோபத்தை எழுத்தில் வைக்கத் தெரியவில்லை. தெரிந்தே செய்கிறார். ஊர்ப்பேச்சு ஒன்றுக்காக என் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கிறார். எழுந்து அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது. இடது காலை உதைத்தேன், இடுப்பிலிருந்து கிளம்பிய வலி தலைவரை போனது. அத்தை போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போய் வெளியே உட்கார்ந்துகொண்டார்.

ரெண்டு மணிக்குமேல் வயிறு கெட்டிப்பட ஆரம்பித்தது. சும்மா இறுகித் தளர்வது அல்ல, பலகையைப் போல் இறுகி அப்படியே நின்றது. கீழே ஈரம். சிஸ்டர் துணியைப் பார்த்துவிட்டு வேகமாகப் போனார். திரையில் நூற்று முப்பது, நூற்றுப் பதினைந்து, நூற்று நாலு. திரும்ப மெல்ல ஏறி நூற்று முப்பது. எடை மேடையில் லாரி இறங்கும்போது எண் அப்படித்தான் சரியும். நான் அந்த எண்ணைப் பார்த்து மனதுக்குள் ஏறு ஏறு என்று கெஞ்சினேன்.

டாக்டரம்மா வந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார், நீளமாக ஓடிய தாளைப் பார்த்தார். முருகேசனையும் அத்தையையும் உள்ளே கூப்பிடச் சொன்னார். நஞ்சுக்கொடி பிரியத் தொடங்கிவிட்டது என்றார். பிள்ளை இன்னும் தாக்குப்பிடிக்கிறது. முப்பது வாரம்தான் என்றால், இன்னும் சில மணி நேரம் கிடைத்தால்கூட இரண்டாவது ஊசி வேலை செய்யும், கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே அவ்வளவு நேரம் தள்ளப் பார்ப்பேன். அதைவிட வளர்ந்த பிள்ளை என்றால் ஒரு நிமிஷம்கூடத் தள்ள மாட்டேன். ஸ்கேனில் பார்க்க எனக்கென்னவோ சந்தேகமாகவே இருக்கிறது, சரியாகச் சொல்லுங்கள் என்றார். முருகேசன் அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தார்.

நான் கையைத் தூக்கினேன். ஐந்து. மூன்று.

சிஸ்டர் பழக்க தோஷத்தில் ஊசித் தட்டின் பக்கம் திரும்பினார். நான் குளுக்கோஸ் குழாய் பிய்ந்தாலும் பரவாயில்லை என்று கையை வயிற்றில் அறைந்தேன். மறுபடி ஐந்து. மூன்று. வயிற்றில் ஓர் அறை. ஐந்து. மூன்று.

டாக்டரம்மா என் விரல்களைப் பார்த்தார். பிறகு மெதுவாக அத்தையிடம் கேட்டார்: "வலியச் சொல்லுதாளா, மாசத்தச் சொல்லுதாளா?"

அத்தையின் உதடு அசைந்தது, சொல் வரவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவ்வளவு வெறுப்போடு நான் யாரையும் பார்த்ததில்லை.

"எட்டு" என்றார் அத்தை. சொல்லிவிட்டு டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எட்டு முடியப் போகுது தாயி. எட்டுன்னு ஓரமா வச்சிறாதீக. ஒங்களக் கும்புடுறேன், ஓரமா வச்சிறாதீக."

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை, டாக்டரம்மாவுக்கும் புரிந்திருக்காது. அவர் அதற்குள் கட்டிலின் பூட்டை விடுவித்துத் தள்ளத் தொடங்கியிருந்தார். தாழ்வாரத்தின் விளக்குகள் என் மேல் ஒவ்வொன்றாக ஓடின. என்னால் எண்ண முடிந்தது பதினேழுவரை.

பெண் பிள்ளை. பிறந்தவுடன் அழவில்லை, கொஞ்சம் உதவி செய்த பிறகு அழுதாளாம். ஒரு கிலோ தொள்ளாயிரத்து எண்பது. என் எடை மேடையில் அவளை வைத்தால் எண்ணே அசையாது. நஞ்சுக்கொடியில் மூன்றில் ஒரு பங்கு பிரிந்து, பின்னால் ரத்தம் கட்டியாக உறைந்திருந்ததாம். இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா முழுதாகச் சொல்லவில்லை. நான் கண்ணால் கேட்டதற்கு என் தோளைத் தட்டினார்.

ஆனால் இன்னொன்றும் சொன்னார். முப்பத்து நாலு வாரம் முடிந்துவிட்டது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் அந்த நுரையீரல் ஊசியை ஒருவேளை போட்டிருக்க மாட்டார்களாம். போட்டதும் நல்லதாகத்தான் போயிற்று, பிள்ளை மூச்சுக்கு அதிகம் கஷ்டப்படவில்லை என்றார். அதைக் கேட்டு அத்தையின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. பார்த்தாயா என்பது போல் என்னைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தற்செயலாக நடந்த நல்லதைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் ஆட்களை மேடையில் தினமும் பார்க்கிறேன்.

டாக்டர்கள் என்னிடம் தெளிவாகச் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். ஏழு பிழைக்கும் எட்டு பிழைக்காது என்பது சுத்தப் பொய். வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடக் கூடப் பிள்ளைக்குப் பலம்தான். மாதத்தைச் சொல்லாதீர்கள், தேதியைச் சொல்லுங்கள். அந்தத் தேதியை வீட்டில் ரெண்டு பேருக்காவது தெரியும்படி எழுதிப் போடுங்கள்.

எட்டு நாள் நான் பிள்ளையைப் பார்க்கவில்லை. இடுப்பு அசையக் கூடாது, வயிற்றில் வேறு தையல். பச்சிளங்குழந்தைகள் பிரிவு கட்டிடத்தின் இன்னொரு மூலையில் இருந்தது. என் பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டு போவார்கள். முருகேசன் போனில் படம் எடுத்து வந்து காட்டுவார், அதில் குழாயும் துணியும்தான் தெரியும். எடை எவ்வளவு என்று மட்டும் சைகையில் கேட்பேன். முதலில் குறைந்தது, பிறகு ஒரே இடத்தில் நின்றது, பிறகு இருபது கிராம், முப்பது கிராம் என்று ஏறியது. கிராம் கணக்கில் நான் வாழ்ந்தது அந்த எட்டு நாள்தான். அத்தை அங்கேதான் இருக்கிறார் என்றார்கள். அவர் என் பக்கம் வராததே நல்லதென்று இருந்தேன்.

ஒன்பதாம் நாள் சக்கர நாற்காலியில் சாய்ந்தபடி உட்காரவைத்து என்னை அங்கே தள்ளிக்கொண்டு போனார்கள். தாடைக் கட்டுக்குள்ளிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேச ஆரம்பித்திருந்தேன். கேட்கவேண்டியதை வழியெல்லாம் கூட்டிச் சேர்த்துவைத்துக்கொண்டு போனேன்.

உள்ளே வரிசையாக நாற்காலிகள். ஒன்றில் அத்தை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரவிக்கை இல்லாமல், நெஞ்சோடு நெஞ்சாகப் பிள்ளையைப் போட்டு, மேலே துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். எடை குறைந்த பிள்ளைக்கு உடம்புச் சூடுதான் மருந்து, தாயால் முடியாவிட்டால் வீட்டில் வேறு யாராவது செய்யலாம் என்று சிஸ்டர்கள் கேட்டபோது அத்தைதான் முன்னால் போய் நின்றாராம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாராம். துணிக்கு மேலே ஒரு சின்னத் தலை தெரிந்தது. என் மகளை நான் முதலில் பார்த்தது அத்தையின் தோலோடு ஒட்டியபடிதான். பாசமும் ஆத்திரமும் எனக்கு ஒன்றாக வந்தன.

"எதுக்கு அத்தை பொய் சொன்னீக?" என்றேன். சேர்த்துவைத்ததில் அது மட்டும்தான் வந்தது.

அத்தை பிள்ளையின் தலையைத் துணியால் மூடினார். பிறகு, முருகேசனுக்கு மூத்தது ஒன்று இருந்தது என்றார். எனக்கு அது தெரியாது. முருகேசனுக்கும் தெரியாது. மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலைக்குப் போயிருந்த காலம். சரிவில் விழுந்து, அங்கேயே லயத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் வரிசை வீட்டில், வலி எடுத்துவிட்டது. பிள்ளை பார்க்க வந்த அம்மாள் எத்தனை மாதம் என்று கேட்டிருக்கிறாள்.

"நான் உள்ளதச் சொன்னேன். எட்டுன்னேன்" என்றார் அத்தை. "எட்டு தங்காதுன்னு துணியில சுத்தி ஓரமா வச்சிட்டாக. சாக்கு மேல. என்னையத்தான் எல்லாரும் பாத்தாக, அத யாரும் தொடல. அது மூச்சு விட்டுக்கிட்டுத்தான் கெடந்துச்சு ஆத்தா. வெயில் உச்சிக்கு வர்றவரைக்கும் விட்டுச்சு. எடுத்துக் குடுங்கன்னேன், வேணாம் தாயி, ஆசை வைக்காதன்னாக. ஏழுன்னு சொல்லியிருந்தா பஞ்சுல வச்சுப் பாத்திருப்பாகள்ல."

நான் ஏதோ கேட்க வேண்டுமென்று கேட்டேன். எனக்குக் கேட்கத் தெரிந்தது அது ஒன்றுதான். அது எவ்வளவு எடை இருந்தது என்று கேட்டேன்.

"யாரு நிறுத்துப் பாத்தா" என்றார் அத்தை.

போடி சிஸ்டரைப் போலவே சின்ன வயதில் இன்னொரு சிஸ்டர் வந்தார். ரொம்ப நேரமாயிற்று, முதுகு என்னத்துக்கு ஆகும், பாப்பாவைத் தொட்டிலில் வைத்துவிட்டுக் கொஞ்சம் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள் என்றார். அத்தை என்னைப் பார்த்தார். நான் சிஸ்டரிடம் அவர் இருக்கட்டும் என்றேன்.

"நீ வாங்கிக்கிறியா?" என்று என்னிடம் கேட்டார் அத்தை.

எனக்கு வாங்கத்தான் கை துடித்தது. ஒன்பது நாளாகத் துடித்துக்கொண்டிருந்த கை. என் நாற்காலியை அவர் நாற்காலியோடு ஒட்டித் தள்ளச் சொல்லி, இடது கையை மட்டும் அந்தத் துணிக்குள் விட்டு, ஐந்து விரலையும் அவள் முதுகில் வைத்தேன். மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"வச்சிருங்க அத்தை" என்றேன். "நீங்களே வச்சிருங்க."